வேலி தாண்டிய மாமனார்

ஏப்ரலில் ஹேவன்ஸ்பர்க் கால்பந்து கிளப் தோற்றுத் தோற்று லீக்கின் கடைசி இடத்தில் கிடந்தபோதுதான் மிலன் ருஸ்கா மகளுக்கு அந்த வாக்கைக் கொடுத்தார்.

"இந்த கிளப் கோப்பையை ஜெயிக்கட்டும். அன்னிக்கு உன் புருஷன் கையைக் குலுக்கறேன்."

"அதுக்கு ஏரியில தண்ணி வத்தட்டும்னே சொல்லியிருக்கலாம்பா" என்றாள் ஜெனெல்.

மிலன் சாசேஜில் கடுகு சாஸைத் தடவினார்.

ஊர்ப் பள்ளியின் பேஸ்பால் அணிக்குக் காலமெல்லாம் கோச்சாக இருந்தவர் அவர். டெஸ்மண்ட் அவருடைய செல்லப்பிள்ளை. பேட்ஸ்மேனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து எப்பேர்ப்பட்ட பந்தையும் பிடித்துவிடுகிற கேட்சர். அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போய், பேஸ்பாலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கால்பந்தில் கோல்கீப்பராகத் திரும்பி வந்தான். வந்தவன் ஜெனெலைக் கல்யாணம் செய்துகொண்டதைக்கூட மிலன் பொறுத்துக்கொண்டார். ஆனால் அடுத்த வருடமே கிளப் ஊரின் பேஸ்பால் மைதானத்துக்குக் குடிவந்து, பந்து வீசுகிறவன் ஏறி நிற்கும் மண்மேட்டைச் சீவித் தரைமட்டமாக்கிப் புல் பதித்தது. அந்தப் புல்லின் ஓரத்தில் கிளப்பின் மாற்றுக் கோல்கீப்பராக மருமகன் நின்றான். அன்றோடு பேச்சு நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் டெஸ்மண்ட் மனைவியைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போய்விடுவான். ஜெனெல் மட்டும் அப்பாவோடு சாப்பிடுவாள். டிசம்பரில் குழந்தை பிறக்கப்போகிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவரும் நாளில் இரண்டு ஆண்களும் ஒரே அறையில் இருக்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

மே மாதத்தில் அணியின் முதன்மைக் கோல்கீப்பருக்குத் தோள் மூட்டு நழுவியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த டெஸ்மண்ட் களமிறங்கினான். அதற்குப் பிறகு கோலுக்குள் பந்து போவதே அரிதாகிப்போனது. ஜூனில் இரண்டு வெற்றி. ஜூலையில் தோல்வியே இல்லை. முடிவெட்டும் கடைக்காரர் கிளப்பின் நீலக் கொடியைக் கண்ணாடியில் ஒட்டினார். மிலன் வழக்கமாகப் பீர் குடிக்கும் இடத்தில் டிவியில் பேஸ்பாலை மாற்றிவிட்டுக் கால்பந்தைப் போட்டார்கள். மனிதர் பாதிப் பீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

லீக்கின் கடைசி நாளில்தான், தோற்றால் வெளியேற வேண்டிய பிளே-ஆஃப் சுற்றில் மிச்சமிருந்த ஒரே இடத்தைப் பிடித்து அணி உள்ளே நுழைந்தது. பிறகு வெளியூரில் இரண்டு ஆட்டங்களையும் வென்றது. இரண்டாவதில் டெஸ்மண்ட் பெனால்டியைப் பாய்ந்து தடுத்தான். பலமான அணிகளெல்லாம் மறுபக்கத்தில் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து, ஹேவன்ஸ்பர்க்கைவிடக் குறைந்த புள்ளி எடுத்த அணியே மிஞ்சியதால், இறுதி ஆட்டமே ஹேவன்ஸ்பர்க்குக்கு வந்து சேர்ந்தது.

"வாக்குக் கொடுத்தவர் வந்து பார்க்கணும்" என்று டிக்கெட்டை நீட்டினாள் ஜெனெல்.

"தோக்கறதைப் பார்க்க வர்றேன்" என்றார் மிலன்.

நவம்பர் குளிர். கோலுக்குப் பின்னால், வேலியை ஒட்டிய முதல் வரிசையில் அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். மிலனின் கண்கள் மண்மேடு இருந்த இடத்தைத் தேடின. புல்லின் நிறம் அங்கே மட்டும் இன்னும் மாறியிருந்தது.

"கையால தொடக்கூடாத விளையாட்டுல இவன் ஒருத்தன்தான் கையால தொடறான். அந்த மட்டும் நான் கத்துக்குடுத்தது வீண்போகல" என்று முணுமுணுத்தார்.

"அதை அவர்கிட்ட சொல்லேன்."

"கோப்பை வரட்டும்."

இடைவேளைக்குப் பின் ஹேவன்ஸ்பர்க் ஒரு கோல் போட்டது. மைதானமே எழுந்து குதித்தது. மிலன் மட்டும் எழவில்லை. ஆனால் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். எதிரணி அலையலையாக வந்தது. டெஸ்மண்ட் ஒன்றைக் குத்தி வெளியே தள்ளினான், இன்னொன்றை நெஞ்சோடு அணைத்தான். ஒவ்வொன்றுக்கும் அப்பாவின் கை மகளின் தோளை இறுக்கியது. பலகையில் கடிகாரம் எண்பத்தைந்தைத் தாண்டியது. தொண்ணூறில் நின்றது. எதிரணி அடித்த பந்து வெளியே போயிருந்தது.

ஜெனெல் பக்கத்தில் திரும்பினாள். அப்பா இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார். அந்த வயதில் எப்படித் தாண்டினாரோ! கோல் கிக் அடிக்கப் பந்தை வைத்துக்கொண்டிருந்த மருமகனை ஓடிப்போய் இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"ஜெயிச்சுட்டடா, ஜெயிச்சுட்ட!"

"கோச்..." டெஸ்மண்டின் முகம் வெளிறியது. "கோச், ஆட்டம் முடியலை."

"கடிகாரம் நின்னுபோச்சேடா!"

"இதுல கடிகாரம் நின்னாலும், வீணான நேரத்துக்குச் சேர்த்து ஆடுவாங்க கோச்! விடுங்க!"

நடுவர் விசிலை ஊதினார். மைதானமே சிரித்தது. எதிரணிக்காரர்கள் கையை விரித்துக் கத்தினார்கள். காவலாளி வந்தான், பார்த்தால் மிலனின் பழைய பேஸ்பால் மாணவன் காலஹன்.

"மன்னிச்சுக்கங்க கோச். உங்களை வெளியே கொண்டுபோகணும்."

"நீ ஒரு பந்தைக்கூட ஒழுங்கா பிடிச்சதில்லை. என்னைப் பிடிக்க வந்துட்டியா?" என்று சொல்லிக்கொண்டே அவனோடு நடந்தார் மிலன்.

ஜெனெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். இரும்புக் கதவு மூடியது. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஓர் இடுக்கு. அதில் கோலின் பாதி தெரிந்தது.

"நான் கெடுத்துட்டேன். அவன் கவனம் சிதறிப்போச்சு. இப்போ தோத்தா என்னாலதான்." அப்பா தகட்டில் நெற்றியை முட்டிக்கொண்டார்.

"சும்மா பாருப்பா."

உள்ளே எதிரணிக்கு ஒரு கார்னர் கிக். உயரமான ஒருவன் தலையால் பந்தைத் தரையை நோக்கிக் குத்தினான். புல் பாளங்கள் சேரும் இடத்தில் பட்டுப் பந்து தாறுமாறாக எகிறியது. நின்று பிடிக்கப் பார்க்கும் கீப்பரை ஏமாற்றிவிடும் பந்து. டெஸ்மண்ட் நிற்கவில்லை. இரண்டு முழங்காலையும் தரையில் போட்டு, தோளைக் குறுக்கி, மார்பால் பந்தை மறித்து முன்னால் விழவைத்து, அதன் மேல் படுத்துவிட்டான்.

"கேட்சர்! என் கேட்சர்!" மிலன் கதவைத் தட்டித் தட்டிக் கத்தினார்.

நீண்ட விசில். உள்ளே எழுந்த கூச்சலில் கதவே அதிர்ந்தது.

மிலன் அசையவில்லை. விசிலுக்கு முன்பே ஒருமுறை ஏமாந்தவர் அல்லவா. கொஞ்ச நேரத்தில் காலஹன் கதவைத் திறந்தான். கையுறையோடு டெஸ்மண்ட் வந்தான், பின்னால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மொத்த அணியும்.

"இப்போ நிஜமாவே முடிஞ்சுதா?" என்று கேட்டார் மிலன்.

"முடிஞ்சுது கோச்."

"கட்டிப்பிடிக்கறது பேச்சுலயே இல்லை. அது தவறுதலா நடந்துபோச்சு. கை மட்டும்தான் சொன்னேன்."

டெஸ்மண்ட் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினான். மிலன் அந்தக் கையைப் பிடித்தார். குலுக்கினார். குலுக்கி முடித்தும் விடவில்லை.

"இந்த ஞாயித்துக்கிழமை தெருமுனையில நிக்காதே. உள்ள வா."

ஜெனெலின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்போது பார்த்து வயிற்றுக்குள் ஒரு துள்ளல்.

"உதைக்குது!" என்றாள்.

அணியே ஆரவாரித்தது. மிலன் தலையை ஆட்டி மறுத்தார்.

"உதைக்கலை. பந்து வீசுது."

"ஆரம்பிச்சுட்டாரு" என்றான் டெஸ்மண்ட். அவன் கை இன்னும் மாமனாரின் கைக்குள்தான் இருந்தது.