தகடு எந்த உயரத்தில் இருந்தது

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அசிங்கம்.

என் மனைவி கூரைகளில் சோலார் தகடு பொருத்தும் குழுவின் தலைவி. நான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன். வெளியே கிளம்பினால் கதவைப் பூட்டுவது நான்தான். "பூட்டிட்டேன்" என்பேன். அவள் தலையாட்டிவிட்டு, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். பதினோரு வருடமாக இழுத்துப் பார்க்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டேன் என்றாலும் போய்க் குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். எனக்கு அது பழகிப்போயிருந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது, அவள் குழுவில் வேலை செய்யும் நெட்டை என்ற பையனைப் பற்றிப் போகிற போக்கில் சொன்னாள்:

"நெட்டை கீழ நின்னு கொக்கி மாட்டினான்னா, நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

பாதிச் சாப்பாட்டோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

2

கதையின் முதல் தொடக்கம்: "நெட்டையின் கண்களில் ஒரு கள்ளத்தனம் எப்போதும்–"

அடித்துவிட்டேன். கள்ளத்தனம் எதுவும் இல்லை. அவளை அக்கா என்பான், என்னை சார் என்பான், வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுத்தான் கதவைத் தொடுவான். ஒரு குறை கிடைத்திருந்தால் இந்தக் கதையை எழுதியே இருக்க மாட்டேன். (அவளை யாராவது காதலித்திருந்தால்கூட எனக்கு வழி தெரிந்திருக்கும், சண்டை போட்டிருப்பேன். ஒருவன் கொக்கியை ஒழுங்காக மாட்டுகிறான் என்பதற்காக யாரிடம் போய்ச் சண்டை போடுவது?)

இரண்டாவது தொடக்கம்: "அன்று காற்றே இல்லை." இதுவும் பொய். காற்று இருந்தது. மூன்றாவதுதான் நீங்கள் படித்துக்கொண்டிருப்பது.

3

வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் குற்றம் உங்களுக்குப் புரியாது.

கூரை விளிம்பில் ஒரு சின்ன மோட்டாரும் கயிறும் இருக்கும். இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு என் மனைவி அங்கே நிற்பாள். பொத்தான் அவள் கையில். கீழே நெட்டை தகட்டின் இரண்டு மேல் மூலைகளிலும் கொக்கி மாட்டுவான். ஒவ்வொரு கொக்கியின் வாயிலும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நாக்கு உண்டு. அது மூடிக்கொண்டால்தான் பிடி. பிறகு நாலடி தள்ளி நின்று, தகடு ஆடாமல் இருக்க இன்னொரு கயிற்றைப் பிடித்துக்கொள்வான். ஒரு கொக்கி நழுவினால் தகடு அந்தக் கயிறு இழுக்கிற பக்கம்தான் வரும். அதாவது அவன்மேல்.

மூன்று விதிகள். கொக்கி மாட்டுகிறவனிடம் பேசக் கூடாது. பேச்சில் வேலை நின்றுபோனால் முதல் கொக்கியிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும். 'ஏத்து' என்று ஒருவர்தான் சொல்லலாம், 'நில்லு' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தெருவில் போகிறவர்கூட.

4

அவள் மறந்து வைத்துவிட்டுப்போன சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். (அவள் மறக்கவில்லை. பைக்குள்ளிருந்து நான்தான் எடுத்து வைத்தேன். நெட்டை கொக்கி மாட்டுவதை நேரில் பார்க்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது.)

நெட்டை முதல் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தான். நான் அருகில் போய், இந்தக் கயிறு எவ்வளவு தாங்கும், கதைக்காகக் கேட்கிறேன் என்றேன். மரியாதைக்காரன் அல்லவா, நிமிர்ந்து பதில் சொன்னான். திரும்பிக் குனிந்து இரண்டாவதை மாட்டினான். முதலிலிருந்து பார்க்கவில்லை. நான் பக்கத்தில் நின்றது அவனுக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம். "சரிக்கா" என்று குரல் கொடுத்துவிட்டுக் கயிற்றோடு தள்ளிப் போனான். மேலே அவள் எட்டிப் பார்க்கவில்லை. "ஏத்து" என்று தனக்கே சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

தகடு என் இடுப்பு உயரத்துக்கு வந்தபோது முதல் கொக்கியின் நாக்கு திறந்திருப்பதைப் பார்த்தேன்.

5

இங்கே மூன்று நாளாக நிற்கிறேன். எழுதிய வாக்கியங்கள்:

நான் உடனே–
பயத்தில் எனக்குக் குரல்–
காற்று என் சத்தத்தை–

எதுவும் உண்மை இல்லை. உண்மை இதுதான்: விழட்டும் என்று நினைத்தேன். அவன்மேல் அல்ல, சும்மா தரையில் விழட்டும், கண்ணாடி நொறுங்கட்டும், நாளையிலிருந்து அவள் அவனையும் இழுத்துப் பார்க்கட்டும். தகடு என் தலையைத் தாண்டியது. முதல் மாடி ஜன்னலைத் தாண்டியது. காற்று ஒரு பக்கமாகத் தள்ளியபோது நெட்டை கயிற்றைத் தன் பக்கம் இழுத்தான். அது அவனை நோக்கிச் சாய்ந்தது. அப்போது, இரண்டாவது மாடி ஜன்னலருகே, கத்தினேன்.

"நில்லு!"

அவள் நிறுத்தினாள். மெதுவாக இறக்கினார்கள். கொக்கியைப் பார்த்ததும் நெட்டை தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"சார், நீங்க இல்லேன்னா..." என்றான்.

6

மறுநாள் காலை கிளம்பும்போது கதவைப் பூட்டினேன். "பூட்டிட்டேன்" என்றேன். அவள் "ம்" என்றுவிட்டுப் படியிறங்கினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை. பதினோரு வருடம் நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். இப்போது ஒவ்வொரு நாளும் அவள் இறங்கிய பிறகு, நானே பூட்டை இழுத்துப் பார்க்கிறேன்.

என் கதைகளை முதலில் படிப்பவள் அவள். படித்தால் பொறாமை பற்றியெல்லாம் கேட்க மாட்டாள். உயரத்தைத்தான் பார்ப்பாள். அன்று அவள் எட்டிப் பார்க்கவில்லை, நெட்டை கொக்கியைத் தவிர எதையும் பார்க்கவில்லை; தகடு எங்கே நின்றது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கட்டைவிரல் நகம் அளவு நாக்கு இரண்டாவது மாடியிலிருந்து யாருக்கும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் எப்போது பார்த்தான், நடுவில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடுவாள்.

அதனால் அவளுக்கான பிரதியில் நாலாம் பகுதியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன்:

தகடு ............ உயரத்தில் இருந்தபோது நான் நில்லு என்றேன்.

ஆறு மணிக்கு வந்துவிடுவாள். பேனா மேசைமேல் இருக்கிறது. நீங்கள் எல்லாவற்றையும் இடுப்பு உயரத்திலிருந்தே பார்த்துவிட்டீர்கள். 'நில்லு' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதுதான் விதி.