காற்று வேலைக்குப் போன நல்லம்மா

கிட்ட வந்து உட்காருங்க. தள்ளி உட்கார்ந்தால் கேட்காது. இங்கே சத்தத்தைத் தூக்கிக்கொண்டு வர இன்னும் காற்றில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் காற்றும் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தது. காலையில் அடிவாரத்திலிருந்து மலையேறி வந்து சுரங்கத்துக்குள் போகும். ஆட்கள் அதன் பின்னால் போவார்கள். சாயங்காலம் காற்று முதலில் வெளியே வரும், பிறகுதான் ஆட்கள். காற்றுக்கு முன்னால் எவனும் வெளியே கால் வைத்ததில்லை. அப்படித்தான் வழக்கம்.

மேட்டில் ஒரு கம்பம், அதில் நீளமாக ஒரு துணிப்பை. பை உப்பினால் காற்று வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். வானிலை பார்க்கிற கருணாகரன் சார் உடனே சங்கு ஊதுவார், வேலை முடியும்.

ஒருநாள் சாயங்காலம் பை உப்பவில்லை.

பெண்கள் எல்லாரும் சுரங்க வாசலில் நின்றோம். நல்லம்மாதான் சாரிடம் போனாள். அவள் புருஷன் மாதையன் உள்ளே இருந்தான்.

“சார், பொழுது இறங்கிடுச்சு. எங்க ஆளை அனுப்புங்க.”

“காத்து இன்னும் வேலையில இருக்கும்மா. ஷிப்டு முடியல.”

“காத்துக்குப் பொண்டாட்டி புள்ள இல்ல, கிடக்கும். எங்காளுக்கு இருக்குல்ல?”

“அதைக் காத்துகிட்ட கேளு.”

நியாயமான பதில். திரும்பிவிட்டோம். தினமும் சோறு கொண்டுபோய் வாசலில் வைத்தோம். வாசனையை உள்ளே கொண்டுபோகக் காற்றில்லை, அதனால் யாரும் எடுக்க வரவில்லை. பிள்ளைகள் கேட்டால், அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்போம். பொய் இல்லை.

நல்லம்மா கெட்டிக்காரி. “ஏண்டி, நம்ம வாயில இருக்கிறதும் காத்துதானே?” என்றாள். மேட்டுக்குப் போனோம். ஒருத்தி தோளில் ஒருத்தி ஏறிப் பைக்குள் ஊதினோம். பல் போன சின்னக்கா ஊதினால் எச்சில்தான் தெறித்தது. “அக்கா, இது மழை,” என்றாள் நல்லம்மா. நாங்கள் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான்.

பை உப்பியது. சங்கு ஊதியது. யாரும் வரவில்லை. சார் சுரங்கத்தின் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினார்.

“சார், எங்க ஆளுங்க?”

“காத்து வந்தா ஆளும் வந்தாச்சும்மா. வீட்டுல போய்ப் பாரு.”

பார்த்தோம். இல்லை. ஆனாலும், வந்துவிட்டவர்களை எங்கே போய்த் தேடுவது? தட்டு வைத்துக் காத்திருந்தோம். சோறு காய்ந்தது.

காலையில் காற்று ஏறி வந்தால்தான் கதவைத் திறப்பார்கள். எங்கள் காற்றோ உள்ளேயே கிடந்தது. நல்லம்மா மறுபடியும் சாரிடம் போனாள்.

“காத்து வேலைக்கு நான் வர்றேன். காத்து பின்னாலதானே ஆள் வரும்? நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்.”

“மலையேறத் தெரியுமா?”

“தண்ணிக்குத் தெனம் ஏறுறேன்.”

“சரி, காலையில வா.”

விடிந்ததும் நல்லம்மா அடிவாரத்துக்கு இறங்கினாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள், ஏறத் தொடங்கினாள். சோளத்தட்டைகள் சாய்ந்தன. எங்கள் கொடித் துணிகள் சுரங்கத்தைப் பார்த்து எழும்பிப் பறந்தன. சார் இரும்புக் கதவைத் திறந்து வைத்து ஒதுங்கி நின்றார். அவள் எங்களைக் கடக்கும்போது எங்கள் கண்ணில் தூசி விழுந்தது. போகிற போக்கில், திறந்து கிடந்த தன் வீட்டுக் கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனாள்.