கழற்றியவனுக்கே முதல் சவரம்

பிரவீணனின் கன்னத்தில் இரத்தம் பார்க்காமல் விடுவதில்லை என்று யோகநாதன் முடிவெடுத்தபோது, அவன் முன்னால் மேசையில் ஒரு பழைய ரேசர் துண்டு துண்டாகக் கழற்றப்பட்டுக் கிடந்தது. தங்க முலாம் பூசிய ரேசர். மினுக்கு என்றால் வெட்கமில்லாத மினுக்கு. ஆனால் கைப்பிடிக் குழலின் உட்புறத்தில், முலாம் போய்ச் சேராத இடத்தில், ஊசியால் கீறிய ஒரு எழுத்து இருந்தது. 'யோ' என்ற எழுத்து. அதைக் கீறியவன் யோகநாதனேதான்.

தன்னுடைய பொருளை, இன்னொருத்தருடைய பொருளாகத் திருத்திக் கொடுக்கும் நிலைமை எந்தப் பாவிக்கும் வரக்கூடாது. அவனுக்கு வந்தது.

அதை அவன் கண்டெடுத்தது துபாயில் சத்வா பக்கம், பழைய சாமான் கடையொன்றில், நெளிந்த கரண்டிகளுக்கு நடுவில். அப்போது அது வெறும் நிக்கல் வெள்ளை. கழுத்தில் ஒரு டயல், டயலில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள். ஒன்றில் வைத்தால் பிளேடு லேசாக எட்டிப் பார்ப்பதோடு சரி. தூக்கக் கலக்கத்தில் இழுத்தாலும் கீறாது. ஒன்பதில் வைத்தால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், கை கொஞ்சம் கனத்தால் தோலோடு போகும். இப்படி ஒன்றைத் தேடி அவன் துபாயில் ஏறி இறங்காத பழைய கடை இல்லை.

பழைய ரேசரைத் தேடிப் பிடித்துத் திருத்தி, காலையில் கிண்ணத்தில் சோப்பு அடித்து, பிரஷால் நுரை பூசி, ஆற அமரச் சவரம் செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அது தெரியாதவனுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. "மற்றாக்கள் குடிச்சுக் கெடுகினம், நீங்கள் தாடி வழிச்சுக் கெடுறியள்" என்பாள் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவி குமுதினி. துபாயில் அப்படிக் கெட்டவர்கள் ஒரு கூட்டமே இருந்தார்கள். ஞாயிறு காலைகளில் சத்வாவில் நுஃமானின் சலூனில் கூடுவார்கள். நுஃமான் காத்தான்குடிக்காரன். தான் செய்துவிட வேண்டிய வேலையை ஆளாளுக்குக் கிண்ணமும் பிரஷும் கட்டிக்கொண்டு வந்து செய்யும் இந்தப் பைத்தியங்களை அவனுக்குப் பிடித்திருந்தது. தேநீரும் கொடுப்பான்.

பிரவீணனை அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதே யோகநாதன்தான். இருவரும் கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கம்பெனியில் ஒரே அறையில் வேலை. ஒரே ஊர்ப்பக்கம். "யோகண்ணை, லீவில போகேக்க ஒருக்கா இதைத் தாங்கோவன், ஊரில வச்சு ஆசைதீரச் சேவ் எடுத்துக்கொண்டு வாறன்" என்று அவன் கேட்டபோது இவன் மறுபேச்சில்லாமல் கொடுத்தான். லீவு முடிந்து வந்தவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"ஹான்ட் லக்கேஜில வச்சிட்டன் அண்ணை. எயார்போட் செக்கிங்கில பறிச்சுப் போட்டாங்கள். காலில விழாத குறையாக் கேட்டுப் பார்த்தன்."

வளைகுடாவில் வேலை பார்க்கும் எவனும் இந்தக் கதையைச் சந்தேகப்பட மாட்டான். ஊறுகாயைப் பறிகொடுக்காதவன், நகவெட்டியைப் பறிகொடுக்காதவன் யார் இருக்கிறான்? யோகநாதனும் நம்பினான். நம்பியது மட்டுமா, பிள்ளை மனம் உடைந்துபோய் இருக்கிறானே என்று வெள்ளிக்கிழமை நண்டுக்கறி வைத்துச் சாப்பாடும் போட்டான். இப்போது அவன் தொண்டையில் நின்றது அந்த நண்டுதான்.

பறிபோனதாகச் சொன்ன ரேசர் போன இடம் வேறு. கம்பெனி மேனேஜர் ஹஸ்னைன் கராச்சிக்காரர், சலூன் கூட்டத்தில் அவரும் ஒருவர். அவருக்குப் பிரவீணன் ஒரு தங்க ரேசர் பரிசாகக் கொடுத்தான். கொழும்பில் ஒரு பழைய வீட்டில் கிடைத்ததாம், யார் கையும் படாததாம், இவனே சுத்தம் செய்து முலாம் பூசுவித்தானாம். கம்பெனி ஓமானில் சோஹார் துறைமுகத்தில் புது ஆபீஸ் திறக்க இருந்தது. அங்கே போகிறவன்தான் பொறுப்பாளர். வீடு உண்டு, பேமிலி விசா உண்டு. "யோகா, உன்னைத்தான் நினைத்திருக்கிறேன்" என்று ஹஸ்னைன் வாய்விட்டே சொல்லியிருந்தார். குமுதினி சோஹாரில் முருங்கைக்காய் கிடைக்குமா என்பது வரை விசாரித்து வைத்துவிட்டாள். தங்க ரேசர் வந்ததும் பேச்சு மாறியது. "பிரவீணன் சின்ன வயசு, சுறுசுறுப்பு, பார்ப்போம்" என்றார்.

அந்த ரேசரின் டயல் இறுகிப்போனது. முலாம் கடைக்காரன் பூசித் தேய்த்த மெருகுப் பசை உள்ளே போய்க் காய்ந்துவிட்டது. பிரவீணனிடம் திருத்தித் தரச் சொன்னால் நேரமில்லை என்று நழுவினான். தானே சுத்தம் செய்தது உண்மையென்றால்தானே திருத்தத் தெரியும். ஹஸ்னைன் பொறுத்துப் பார்த்துவிட்டுப் புதன்கிழமை அதை யோகநாதனிடமே கொடுத்தார். "ஞாயிறு கொண்டு வா. பிரவீணன் கையாலேயே தொடங்கி வைக்கலாம்."

அப்படித்தான் அது அவன் மேசைக்கு வந்தது. 'யோ' அவனைப் பார்த்தது. எழுத்தின் கீறலுக்குள் பழைய சோப்பு கறுத்து இறுகியிருந்தது. நேராக ஹஸ்னைனிடம் போய்க் காட்டியிருக்கலாம். காட்டினால் என்ன நடக்கும்? கதவைச் சாத்திவிட்டு மேனேஜர் இரண்டு வார்த்தை திட்டுவார். பிரவீணன் கண்ணைக் கசக்குவான். எல்லாம் மரியாதையாக முடிந்துவிடும். யோகநாதனுக்கு மரியாதை வேண்டாம். அவனுக்கு இரத்தம் வேண்டும், அதுவும் எல்லோர் முன்னாலும் வேண்டும்.

வழி அவன் விரல் நுனியில் இருந்தது. இந்தச் சாதி ரேசரைக் கழற்றித் திரும்பப் பூட்டும்போது டயலைப் பல் தள்ளிப் பூட்டிவிட்டால் எண் பொய் சொல்லும். டயல் ஒன்றில் நிற்கும், பிளேடு ஒன்பதுக்கு வாயைத் திறந்திருக்கும். திருத்தத் தெரியாதவர்கள் தெரியாமல் செய்யும் பிழை அது. யோகநாதன் தெரிந்தே செய்தான். பிரவீணனின் கை அவனுக்குத் தெரியும். எத்தனை முறை சொல்லியும் பிளாஸ்டிக் ரேசர் பழக்கத்தில் அழுத்தி அழுத்தி இழுப்பான். அழுத்தட்டும் என்று சொல்லிக்கொண்டே கடைசித் திருகைப் பூட்டினான்.

ஞாயிறு காலை சலூனில் ஆறேழு பேர் இருந்தார்கள். தங்க ரேசர் யோகநாதனின் பையிலிருந்து வெளியே வந்ததைக் கண்டதும் பிரவீணனின் முகம் வெளுத்தது. அதைத் திருத்தக் கொடுத்த விஷயமே அவனுக்குத் தெரியாது.

"இது... உங்களிட்டயோ வந்தது அண்ணை?"

"ஓம் தம்பி. நல்ல சாமான். முலாமும் நல்லாப் பிடிச்சிருக்கு" என்று யோகநாதன் சிரித்தான். கொழும்பில் எந்தத் தெருவில் கிடைத்தது என்றுகூடக் கேட்டான். கிழவனுக்குப் பிடிபடவில்லை என்று பிரவீணனுக்கு மூச்சு வந்தது. வாய் ஓயாமல் ஏதோ ஒரு தெருவின் பெயரைச் சொன்னான். நன்றாகச் சொல்லு ராசா, இன்னும் சொல்லு என்று யோகநாதன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

பிரவீணன் நுரை பூசிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அப்போது ஹஸ்னைன் கையை நீட்டி மறித்தார்.

"பொறு பாய். நம்முடைய சட்டம் என்ன? கழற்றியவனுக்கே முதல் சவரம். பிறகு கொண்டுவந்தவன். கடைசியில்தான் சொந்தக்காரன்."

யோகநாதனுக்குச் சப்பென்று போனது. அந்தச் சட்டத்தைப் போட்டவனே அவன்தான். முன்பொரு தடவை யாரோ பிழையாகப் பூட்டிக் கொடுத்த ரேசர் இன்னொருவரின் தாடையைக் கிழித்தபோது, இதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அவன்தான் எல்லோருக்கும் உரை நிகழ்த்தினான். கோபம் கண்ணை மறைத்ததில் அது சுத்தமாக மறந்துபோயிற்று. இப்போது டயலைத் தொட முடியாது, தொட்டால் ஏன் என்று கேட்பார்கள். மாட்டேன் என்றும் சொல்ல முடியாது.

அவன் உட்கார்ந்தான். நுரை பூசினான். டயல் ஒன்றில் இருப்பதை எல்லோருக்கும் காட்டினான்.

ஒன்பதின் வாயைக் கன்னத்தில் வைத்தான். அழுத்தக்கூடாது. கைப்பிடியின் நுனியை மட்டும் பிடித்து, ரேசர் தன் பாரத்திலேயே இறங்கும்படி விட வேண்டும். கை ஒரு தடவை நடுங்கினால் போதும், எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். கண்ணாடியில் தன் முகத்துக்குப் பின்னால் நுரையோடு நின்ற பிரவீணனைப் பார்த்துக்கொண்டே இழுத்தான். நண்டுக்கறியை நினைத்தான், முருங்கைக்காயை நினைத்தான். அவன் கை அன்றைக்கு இருந்த நிதானம் வாழ்க்கையில் வேறெந்த நாளும் இருந்ததில்லை. பகை அப்படியொரு நிதானத்தைக் கொடுத்தது. தொண்டைக் குழியில் மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டான். முகம் கழுவியபோது ஒரு பொட்டு இரத்தம் இல்லை.

"மக்கன் மாதிரி" என்றார் ஹஸ்னைன், கன்னத்தைப் பார்த்துவிட்டு. வெண்ணெய் போல இருக்கிறதாம்.

யோகநாதன் ரேசரைத் துடைத்துப் பிரவீணனிடம் நீட்டினான். "ஒண்டிலதான் நிக்குது. பயப்பிடாமல் எடும் தம்பி."

கண்முன்னால் பார்த்த பிறகு பயம் எதற்கு? பிரவீணன் வழக்கம்போல அழுத்தி, காதடியிலிருந்து ஒரே இழுவையாகத் தாடை வரை இழுத்தான். நுரை முதலில் ரோஜா நிறமானது, பிறகு சிவந்தது. நுஃமான் படிகாரக் கட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். யோகநாதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மனசுக்குள் தேர் ஓடியது. அவ்வளவு சந்தோஷம்.

பிரவீணன் துவாயால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, அரை இந்தியும் அரை ஆங்கிலமுமாக ஹஸ்னைனிடம் சீறினான்.

"இவர் வேண்டுமென்றே ஏதோ செய்துவிட்டார். ரெண்டு மாசம் நான் இதில்தான் சேவ் எடுத்தேன். ஒன்றில் ஒருநாளும் இப்படி வெட்டியதில்லை."

ஹஸ்னைன் மெதுவாகக் கேட்டார். "யார் கையும் படாதது என்றாயே?"

யோகநாதன் அப்போதுதான் அடித் திருகைக் கழற்றி, குழலை வெளிச்சத்தில் பிடித்து நுஃமானிடம் கொடுத்தான். "உள்ளுக்கு என்ன கிடக்கு எண்டு வாசியும்."

"தமிழ் எழுத்து. 'யோ' எண்டு கீறி இரிக்கி" என்றான் நுஃமான். "பழைய கீறல். அழுக்கும் ஏறி இரிக்கி."

எயார்போட்டில் பறிபோன ரேசரின் கதை அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அதற்காக அன்றைக்கு எல்லோரும் பிரவீணனுக்கு ஆறுதல் சொன்னவர்கள். இப்போது ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கிண்ணத்தைக்கூட எடுக்காமல், துவாயோடு வெளியே போனான்.

யோகநாதன் குழலைத் திரும்பப் பூட்டி ஹஸ்னைனிடம் கொடுத்தான். இனி அவர் வாயிலிருந்து சோஹார் என்ற சொல் வரும் என்று காத்திருந்தான். ஹஸ்னைன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டயலைப் பார்த்தார். ஒன்று. பிறகு ரேசரைப் பக்கவாட்டில் திருப்பி, பிளேடுக்குக் கீழே இருந்த இடைவெளியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவரும் இந்த ரேசர்களோடு கிடப்பவர்தானே.

"இதை வைத்தா நீ சவரம் செய்தாய்?"

யோகநாதன் கிண்ணத்தை எடுத்துப் பைக்குள் வைத்தான்.

"தெரிந்தே செய்தாய். அவனை வெட்டுவதற்காக." ஹஸ்னைன் தன் கன்னத்தைத் தடவினார். "மூன்றாவது ஆள் யார் யோகா? சட்டப்படி அடுத்தது என் முகம்."

"உங்கள் கைக்கு வர விட்டிருக்க மாட்டேன் பாய்." மூன்றாவது ஆளை அவன் நினைத்தே பார்க்கவில்லை. நான்கு நாளும் அவன் கண்ணில் இருந்தது ஒரே ஒரு கன்னம்.

"அந்த எழுத்தைப் புதன்கிழமையே எனக்குக் காட்டியிருந்தால் போதும். அன்றைக்கே சோஹார் உனக்கு. ஒருவன் எனக்குத் திருட்டுப் பொருளைத் தருகிறான், மற்றவன் பொய் எண்ணைத் தருகிறான். இரண்டு பேரையும் நான் துறைமுகத்தில் உட்கார வைக்க முடியாது. கலாஸ், முடிந்தது." ரேசரை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "உன் பொருள். கொண்டு போ. தங்கம் இனாம்."

மத்தியானம் அறைக்கு வந்து யோகநாதன் குமுதினிக்குப் போன் எடுத்தான். அவள் காத்திருந்தவள்போல முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னவாம்? சோஹார் சரிவந்திட்டுதோ?"

"இல்லை."

"பிரவீணனுக்கே குடுத்திட்டினம்?"

"அவனுக்கும் இல்லை. அவன்ர கன்னத்தைக் கிழிச்சுப்போட்டன், தெரியுமோ?" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். ஒன்பதின் வாயோடு தான் ஒரு பொட்டு இரத்தம் இல்லாமல் வழித்த இடத்தைக் கொஞ்சம் நீட்டியே சொன்னான். துவாயோடு அவன் ஓடிய இடத்தில் சிரித்தான். ஹஸ்னைன் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னான். குமுதினி கடைசிவரை கேட்டாள்.

"அப்ப ரேசர் கையில வந்திட்டுது?"

"வந்திட்டுது."

"நல்லது. இனி அதோடயே குடும்பம் நடத்துங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.