கொடி ஏறியபோது உட்கார்ந்திருந்தவன்

அன்று மதியம் ஸ்டம்ப் ஏரியின் உறைந்த முதுகின் மேல் இருந்தவர்கள்: தன் மீன்பிடிக் குடிலுக்குள் வெர்ன் ஸாஸ்ட்ரோ. அவனுக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல், அவன் மனைவி மார்லிஸ். பக்கத்துக் குடிலின் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு மார்லிஸின் தம்பி டெல்மர். அவனோடு சீட்டாடிக்கொண்டு ரெய்னோ ஹாக்கலா. ரெய்னோவின் காலடியில் அவன் நாய். அதற்குக் காது கேட்காது. ஐஸுக்கு அடியில் ஒரு மீன். அது வந்திருந்தது அப்போது யாருக்கும் தெரியாது.

வெர்ன் மூன்று வாரமாக அந்தக் குடிலில்தான் குடியிருந்தான். ஒட்டுப்பலகைச் சுவர், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு ஜன்னல், அவனைவிட நீளம் குறைந்த ஒரு பெஞ்சு. காலை நீட்டினால் தலை கதவில் முட்டும். தலையைச் சரியாக வைத்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். காலையில் எழுந்தால் மீசை ஐஸாகியிருக்கும், பற்பசை கல்லாகியிருக்கும். மூன்று வேளையும் மான்கறி சாசேஜ். வார இறுதியில் ஆசைப்பட்டு வருகிறவனுக்குக் குடில் சொர்க்கம். வீட்டில் கதவைச் சாத்திவிட்டதால் வந்தவனுக்கு அது ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

கதவைச் சாத்தியது மார்லிஸ். காரணம் ஏரிக்கே தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன் அவளே ஐஸின் மேல் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். கல்யாணமான பிறகு குடில் பக்கம் எட்டிப்பார்க்காதவள். உள்ளே வந்து உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "வெர்ன், உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். சிரிக்கக் கூடாது" என்று ஆரம்பித்தாள். வெளியே ரெய்னோ "கொடி!" என்று கத்தினான். ஐஸ் துளைக்குள் விட்ட தூண்டிலை மீன் இழுத்தால், துளையின் மேல் வைத்த சட்டத்திலிருந்து ஆரஞ்சுக் கொடி ஒன்று துள்ளி எழும். வெர்ன் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பாய்ந்தான்.

நிமிஷம் நிமிஷமாக நிற்கவில்லை. அந்தக் கொடியைப் பார்த்து முடிப்பதற்குள் இரண்டாவது கொடி ஏறியது. திரும்பி வந்தபோது காரும் இல்லை, மார்லிஸும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனான். கதவு பூட்டியிருந்தது. வாசலில் அவன் படுக்கைப் பையும் மாற்றுத்துணியும் ஒரு குப்பைப் பையும் இருந்தன. குப்பைப் பை அவனுக்கா, குப்பைக்கா என்று அவனுக்கு இன்றுவரை புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் எடுத்து வந்திருந்தான்.

"மீனாவது பெருசா?" என்று டெல்மர் அன்று விசாரித்தான்.

"அளவு பத்தலை. திருப்பி விட்டுட்டேன்."

"ரெண்டுமா?"

"ரெண்டாவது வெறும் காத்து. அதுதான் கொடியைத் தட்டி விட்டிருக்கு."

டெல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "காத்துக்காகப் பொண்டாட்டியைத் தொலைச்சவன் இந்த ஜில்லாவிலயே நீ ஒருத்தன்தான் மச்சான். நான் உன்னை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன், ஆனா எங்க வீட்டுக்காரி உன்னைப் படியேற விடமாட்டா. அக்கா போன்ல பேசிட்டா."

வெர்னுக்கு அதில் ஆச்சரியமில்லை. அவனுக்குப் புரியாதது ஒன்றுதான். அவன் செய்ததில் என்ன தப்பு? கொடி ஏறினால் பார்த்தவன் கத்த வேண்டும். கொடிக்காரன் ஓட வேண்டும். ஒருவன் கொடியை இன்னொருவன் தொடக்கூடாது. மீன் இழுத்தாலும் சரி, நூல் தீர்ந்தாலும் சரி, உரியவன் வரும்வரை சுற்றி நின்று கத்தலாம், கைவைக்கக் கூடாது. டெல்மர் ஒருமுறை பேன்ட்டை முழங்காலில் பிடித்துக்கொண்டு கழிப்பறைத் தட்டியிலிருந்து ஓடியிருக்கிறான். ரெய்னோ தன் அம்மாவை அடக்கம் செய்ய உடுத்திய கறுப்புக் கோட்டோடு துளைக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறான். பாதிரியார் இன்னும் வந்திருக்கவில்லை, ஆகவே தப்பில்லை என்பது ஏரியின் தீர்ப்பு.

இன்று மார்லிஸ் மறுபடி வந்திருந்தாள். வந்ததும் முதல் வேலையாக ஜன்னலுக்கு முதுகு காட்டி அவனை உட்காரச் சொன்னாள். தான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"இதுதான் கடைசி தடவை வெர்ன். நான் முழுக்கச் சொல்லி முடிக்கணும். முடிச்சு, 'எந்திரி'ன்னு நான் சொல்ற வரைக்கும் அந்தப் பெஞ்சை விட்டு நீ எழுந்திருக்கக் கூடாது. எழுந்திருச்சா, இங்கயே இருந்துக்கோ. ஐஸ் உருகினா மீனோட மீனா இருந்துக்கோ."

"உட்கார்ந்துட்டேன்."

"வாயையும் மூடிக்கோ."

மூடிக்கொண்டான். அவனுக்கு வேண்டியது வீடு. காலை நீட்டிப் படுக்க ஒரு கட்டில், வெந்நீர், உறையாத பற்பசை. அவளும்தான், ஆனால் அதை அவன் அந்த வரிசையில் அவளிடம் சொல்லப்போவதில்லை.

மார்லிஸ் கையுறையைக் கழற்றினாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"ஜனவரியோட ஸ்கூல் சமையல்கட்டு வேலையை விட்டுட்டேன்."

வெர்ன் வாயைத் திறந்தான். நினைவு வந்து மூடினான்.

"அன்னைக்கு அதைத்தான் சொல்ல வந்தேன். முழங்கால் தாங்கலை. பெரிய பெரிய பாத்திரம் தூக்க முடியலை. எல்லாருக்கும் முன்னால உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன். உனக்கு முன்னால இப்போ டெல்மர் பொண்டாட்டிக்குத் தெரியும், போஸ்ட் ஆபீஸ்ல தெரியும், தூண்டில் இரை விக்கிற கடையில தெரியும்."

மூன்று வாரமாக இவள் வேலைக்குப் போய் வருகிறாள் என்றல்லவா அவன் நினைத்துக்கொண்டிருந்தான்! பகல் பூராவும் அவள் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். தனியாக. இதைப் பற்றி அவன் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பான். அப்போது அவள் மூக்குக்கண்ணாடியில் ஏதோ அசைந்தது.

இரண்டு கண்ணாடியிலும் ஜன்னல் சின்னதாகத் தெரிந்தது. ஜன்னலுக்குள் வெள்ளை ஐஸ். ஐஸின் மேல், சற்று முன்பு இல்லாத இடத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு. இடக்கண்ணில் ஒன்று, வலக்கண்ணில் ஒன்று.

கொடி.

அவன் தொடைகள் அவனைக் கேட்காமலே இறுகின. இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவளும் பார்த்துவிட்டாள். பார்த்தது தெரிந்தது, குரல் மட்டும் மாறவில்லை.

"காலையில எந்திரிக்கிறேன். உடுத்திக்கிறேன். பூட்ஸ்கூட மாட்டிக்கிறேன். அப்புறம்தான் போறதுக்கு இடமில்லைன்னு ஞாபகம் வருது."

"கொடி!" வெளியே டெல்மர் கத்தினான். "மச்சான், கொடி!"

"கேக்குறியா?" என்றாள் மார்லிஸ்.

அவன் தலையாட்டினான். எதைக் கேட்கிறாள் என்று கேட்க வழியில்லை.

"பூட்ஸைக் கழட்டிட்டு உட்கார்ந்திருப்பேன். டிவியில ஒருத்தன் வந்து கேக் செய்யச் சொல்லித் தருவான். அவனுக்கு முட்டை உடைக்கத் தெரியலை வெர்ன்."

"டேய் வெர்ன்! கொடி ஏறிக் கிடக்கு, செவிடா நீ?" இது ரெய்னோ. செவிட்டு நாயும் எதற்கோ குரைத்தது.

வெர்னுக்கு வியர்த்தது. அவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஆரஞ்சுப் பொட்டுக்குக் கீழே, தண்ணீருக்குள், நூல் உருளை சுற்றுகிறதா? சுற்றினால் மீன். நின்றால் காற்று. கண்ணாடியில் அவ்வளவு தெரியவில்லை. ஆனால் மார்லிஸின் கண் தெரிந்தது. அது இப்போது அவன் முகத்தில் இல்லை. அவன் காதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"சுத்துதுடா!" டெல்மரின் குரல் கொடிக்குப் பக்கத்திலிருந்து வந்தது. "நிக்காம சுத்துது! மச்சான்! நூல் போயிட்டே இருக்கு!"

மார்லிஸ் ஒரு வார்த்தையைத் தவறவிட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்?"

வெர்ன் வாய் திறக்கலாமா என்று யோசித்தான். இது சோதனையாக இருக்கலாம். சும்மா இருந்தான்.

"ம். முட்டை. நான் கேக்க வந்தது என்னன்னா, இனிமே நாள் பூரா நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல. ரெண்டு பேருக்கும் வேலை கிடையாது. நீ இங்க வந்து உட்கார்ந்துக்குவே. நான் என்ன செய்ய?"

நியாயமான கேள்வி. ஆனால் அந்த நேரத்தில் அவன் தலைக்குள் நூல் உருளைதான் சுற்றிக்கொண்டிருந்தது.

வெளியே சத்தம் திடீரென்று தணிந்தது. அது கத்துவதைவிட மோசமாக இருந்தது. பிறகு ரெய்னோவின் குரல், மெதுவாக: "டெல்மர். இவன் கொடிக்கு வராம இருந்து நீ பார்த்திருக்கியா?"

"இல்லை."

"காய்ச்சல்ல வந்தான். கால்ல கட்டோட வந்தான்."

"அக்காவும் உள்ளதானே இருக்கா?"

"அதைத்தான் சொல்றேன். அடுப்பு கேஸ். ரெண்டு பேரையும் தூங்க வச்சிருச்சு. செத்தாலொழிய வெர்ன் கொடிக்கு வராம இருக்கமாட்டான்டா!"

பூட்ஸ் சத்தம் இரண்டு பக்கமும் ஓடியது. "கடப்பாரையை எடு!"

மார்லிஸும் வெர்னும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது. அதைச் சொல்ல வெர்னுக்கு அனுமதி இல்லை. மார்லிஸ் சொல்வதற்குள் ரெய்னோ ஐஸ் உடைக்கும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு தோளால் கதவில் மோதினான். தாழ் போடாத கதவு விலகி வழிவிட்டது. ரெய்னோ அதே வேகத்தில் குடிலைக் கடந்து, சாசேஜ் தொங்கிய ஆணியில் முகத்தைக் கொடுத்து, அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றான்.

"உயிரோட இருக்காங்க!" என்று வெளியே பார்த்து அறிவித்தான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

டெல்மர் கதவில் தலையை நீட்டினான். "மச்சான், என்னடா ஆச்சு உனக்கு? கொடிடா!"

வெர்ன் கண்ணால் மார்லிஸைக் காட்டினான். பெஞ்சைக் காட்டினான். மறுபடி மார்லிஸைக் காட்டினான்.

"வாதமா? வாய் ஒரு பக்கம் இழுக்குதே."

"ஒண்ணுமில்லை, பேசிக்கிட்டு இருக்கோம்" என்றாள் மார்லிஸ்.

ரெய்னோவும் டெல்மரும் அதைச் சற்று நேரம் யோசித்துப் பார்த்தார்கள். கொடி ஏறியிருக்கும்போது பேசுவது என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை.

"அக்கா, நான் போய் எடுக்கட்டுமா? அவன் ஒரு வார்த்தை சொன்னா போதும்."

வெர்ன் சொல்லவில்லை. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு மூக்கில் இறங்கி நின்றது.

மார்லிஸ் அவனைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"இன்னும் சுத்துதா?" என்று ரெய்னோவைக் கேட்டாள்.

"நின்னுச்சு. திரும்ப சுத்துது."

"அப்போ இரையைத் தலைப்பக்கமாத் திருப்பி முழுங்குது" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். முழங்கால் நொடித்தது. அதைப் பொருட்படுத்தாமல் வெளியே போனாள்.

வெர்ன் உட்கார்ந்தே இருந்தான். எழுந்திருக்கத்தான் தடை, கழுத்துக்குத் தடையில்லை என்று தோன்றியதும் திரும்பி ஜன்னலில் மூக்கை ஒட்டினான்.

அவள் ஓடவில்லை. கடைசிச் சில அடிகளைப் பூனைபோல வைத்தாள். துளைக்குப் பக்கத்தில் நல்ல முழங்காலை ஊன்றி, கொடிச்சட்டத்தை அலுங்காமல் தூக்கி ஐஸின் மேல் வைத்தாள். நூலை இரண்டு விரலில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். பின்னால் ரெய்னோ, "இழு! இழு!" என்றான்.

"நீ வாயை மூடு ரெய்னோ."

"அக்கா, மீன் பிடிக்க லைசென்ஸ் இருக்கா?" என்றான் டெல்மர்.

"போய் லைசென்ஸ் பார்க்கிற வார்டனைக் கூட்டிட்டு வா."

பிறகு மணிக்கட்டை ஒரே வெட்டாக மேலே வெட்டினாள். நூல் விறைத்தது. அவள் கை துளைக்குள் இழுபட்டது. விட்டுக்கொடுத்தாள், வாங்கினாள், மறுபடி விட்டுக்கொடுத்தாள். இதே ஏரியில் தன் அப்பாவின் கொடிகளுக்கு ஓடி வளர்ந்த பெண் இவள் என்பது வெர்னுக்கு எப்போதோ சொல்லப்பட்டிருந்தது. எதற்கு நடுவிலோ கேட்டிருந்தான்.

"கொக்கி! வெர்ன், கொக்கி!" என்று கத்தினாள்.

மீனைக் குத்தித் தூக்கும் கொக்கி அவன் தலைக்கு மேலே மாட்டியிருந்தது. எட்டினால் கிடைக்கும். எழுந்தால்தான் எட்டும். 'எந்திரி' என்று அவள் சொல்லவில்லை, 'கொக்கி' என்றுதான் சொன்னாள். வெர்ன் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து, பெஞ்சை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

காத்திருந்து பார்த்துவிட்டு மார்லிஸ் கோட்டோடு கையைத் தோள்வரை துளைக்குள் விட்டாள். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். பள்ளிக்கூடச் சமையல்கட்டில் பழகியதாக இருக்க வேண்டும். செவுளில் விரல் கொடுத்து அவள் இழுத்த இழுப்பில், அவள் காலளவு நீளமுள்ள நார்தர்ன் பைக் மீன் ஒன்று ஐஸின் மேல் வந்து விழுந்து துள்ளியது. வாய் முழுக்கப் பல். நாய் ரெய்னோவின் பின்னால் ஒளிந்துகொண்டது. டெல்மர் தொப்பியைக் கழற்றினான்.

அவள் உள்ளே வந்தபோது கோட்டின் வலக்கை உறைந்து குழாய் மாதிரி நின்றது. கன்னம் சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"ஏன்டா கொக்கியை எடுத்துட்டு வரலை?"

வெர்ன் வாயைக் காட்டினான்.

"பேசு!"

"நீ எந்திரின்னு சொல்லலை."

மார்லிஸ் அவனை வெகுநேரம் பார்த்தாள். சிரிக்கிறாளா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை, கண்ணாடி பனித்திருந்தது.

"எந்திரி."

எழுந்தான். அவள் ஈரக் கோட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். ஆணியிலிருந்து அவன் தடித்த ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பெஞ்சில், அவன் சூடாக்கி வைத்த இடத்தில், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"வீட்டுச் சாவி கோட்டுப் பையில இருக்கு. போய்க் குளி. நாத்தம் தாங்கலை. உருளைக்கிழங்கு உரிச்சு வை."

"நீ வரலையா?"

"இன்னும் ரெண்டு கொடி போட்டிருக்கே."

"அது என்னோடது."

அவள் திரும்பிப் பார்த்தாள். வெர்ன் அந்தப் பேச்சைத் தொடரவில்லை. உறைந்த கோட்டை விறகுக்கட்டு மாதிரி அணைத்துக்கொண்டு வாசல் வரை போய் நின்றான்.

"நீ கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லலையே, மார்லிஸ். என்ன செய்யன்னு கேட்டியே. நான் என்ன நினைக்கிறேன்னா..."

"கொடி!" என்று வெளியே ரெய்னோ கத்தினான்.

"ஒரு நிமிஷம்" என்றாள் மார்லிஸ். அவன் வழியை மறிக்கிறான் என்பதுபோல் தோளால் ஒதுக்கிவிட்டு வெளியே பாய்ந்தாள்.

அவன் ஐஸின் மேல் நின்று காத்திருந்தான். காற்று ஜாக்கெட் இல்லாத முதுகில் ஏறியது. அவள் துளைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். கொடியை மடக்கி மறுபடி வைத்தாள்.

"காத்துதான்" என்று அவனிடம் சொன்னாள். குரலில் கொஞ்சம் வருத்தம். "இன்னுமா போகலை?"

"சொல்லிட்டுப் போறேனே."

"உள்ள சூடெல்லாம் போகுது வெர்ன்" என்று சொல்லிக்கொண்டே அவள் குடிலுக்குள் போனாள். அவன் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.