தணிகாசலத்தின் கசிவு

2011 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை காலை, கடலூர் மாவட்டக் கடலோரத்தில் உள்ள ஓர் இரசாயன ஆலையில், ஆபரேட்டர் தணிகாசலம் குளோரினாக மாறினார்.

நிர்வாகம் நன்றாகவே நடந்துகொண்டது. ஒரு டன் கொள்ளும் மஞ்சள் உருளை ஒன்றில் அவரைத் தனியாகப் பிடித்து வைத்தார்கள். மற்ற குளோரினோடு கலக்கவில்லை. உருளையின் வயிற்றில் கறுப்புப் பெயிண்டால் அவர் பெயரை எழுதினார்கள். மாதம் ஒரு முறை மனைவி வந்து பார்க்கலாம் என்றார்கள்.

ரேணுகாம்பாள் மாதம் ஒரு முறை வந்தாள்.

கேட்டிலிருந்து குளோரின் ஷெட்டுக்குப் போகும் சாலை ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் நீண்டிருக்கும். போன மாதம் நடுவில் ஒரு பஸ் நிறுத்தம் வந்திருந்தது. இந்த மாதம் அதன் பக்கத்தில் ஒரு டீக்கடையும் இருந்தது. அவள் டீ குடிக்கவில்லை. ஈரத்தோடு உள்ளே போகக் கூடாது. குளோரினில் தண்ணீர் பட்டால் அமிலமாகும், அமிலம் வால்வைத் தின்னும். ஆகவே ஷெட் வாசலில் பாதுகாப்பு அதிகாரி பிலோமின்ராஜ் பார்வையாளரின் கண்ணோரத்தில் உறிஞ்சுதாளை ஒற்றிப் பார்ப்பார். தாள் நனைந்தால் அடுத்த மாதம்தான்.

ரேணுகாம்பாளின் தாள் காய்ந்தே இருந்தது. அவளுக்குப் பழகிவிட்டது.

"அண்ணி, தெக்கத்திக் காத்து! தெக்கால நில்லுங்க!"

மேலிருந்து கூப்பிட்டவர் கோவிந்தராசு. முன்பு கேட்டில் காவலாளியாக இருந்தவர். பதவி உயர்வில் ஷெட்டின் கம்பத்து உச்சிக்குப் போய், காற்றுத் திசை காட்டும் துணியாகிவிட்டார். கால்கள் இரண்டும் வடக்கே படபடத்தன.

"நல்லாருக்கீங்களாண்ணே?"

"வேலை சுலபம் அண்ணி. இடுப்புதான் நோவுது. மழை வந்தா நான் தொங்கிப்போறேன், மேனேஜரு திட்டுறாரு."

வாயு கசிந்தால் காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நிற்க வேண்டும். ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த விதி இது. ரேணுகாம்பாள் உருளைக்குத் தெற்கே நின்றாள். இங்கே நின்றால் அவர் எப்போதும் அவளை விட்டு விலகித்தான் போவார். வேறு வழியில்லை.

பார்ப்பது என்றால் இப்படித்தான். பிலோமின்ராஜ் ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, அம்மோனியாவில் தோய்த்து, வால்வின் கழுத்தருகே பிடிப்பார். குளோரின் கசிந்தால் அங்கே வெள்ளைப் புகை எழும். கசிவைக் கண்டுபிடிக்க எல்லா ஆலையிலும் இதைத்தான் செய்வார்கள். இங்கே அந்தப் புகைதான் தணிகாசலம். அவருக்காக ஒரு சின்னக் கசிவை அனுமதித்திருந்தார்கள்.

பிலோமின்ராஜ் குச்சியை நீட்டினார். ஒரு நூல் புகை எழுந்து வடக்கே சாய்ந்தது.

"சாப்டீங்களா?" என்றாள்.

"இங்க அந்தப் பழக்கம் இல்ல," என்றது புகை. "வண்டி ஸ்டார்ட் ஆவுதா?"

"இல்ல."

"ஸ்பார்க் பிளக்கக் கழட்டித் தொடைக்கச் சொன்னேனே."

"தொடைச்சேன். நீங்க உதைச்சாத்தான் ஆவுமாம்."

புகை சற்று ஆடியது. அவர் சிரிக்கிறார் என்று தெரிந்துகொண்டாள். அவர் வேலை முடிந்து வரும்போதெல்லாம் சட்டையில் குளோரின் வாசனைதான் இருக்கும். அந்தச் சட்டைகளில் ஒன்றைத் துவைக்காமல் பீரோவில் வைத்திருந்தாள். இப்போது அதில் பீரோவின் வாசனைதான் வருகிறது.

"சிஸ்டர், ஒரு விஷயம்," என்றார் பிலோமின்ராஜ். "வெள்ளிக்கிழம இன்ஸ்பெக்‌ஷன். இனிமே லீக் இருக்கக் கூடாது. அதோட, நீங்க வந்து பாக்கப் பாக்க அவரு கொறையிறாரு. சேரும்போது அறுபத்திரண்டு கிலோ. இப்ப நாப்பத்தொண்ணு."

"நான் பாக்குறதாலயா?"

"ஆமா. ஒண்ணு முழுசாத் தொறக்கணும், இல்ல முழுசா மூடணும். நீங்கதான் சொல்லணும்."

"தொறந்தா?"

"காஸ்டிக் சோடாத் தொட்டிக்குப் போவாரு. பிளீச்சிங் தண்ணியா வெளிய வருவாரு. நகராட்சிக் குடிதண்ணி டேங்க்ல ஊத்திருவோம். ஊர் முழுக்கக் குழாய்ல வருவாரு."

ரேணுகாம்பாள் வேகமாகத் திரும்பினாள். "எங்க தெருவுக்கும் வருவாரா?"

"உங்க தெருவுக்குக் குழாய்த் தண்ணி வருதா?"

அவள் யோசித்தாள். "இல்ல. லாரிதான்."

"அப்ப வரமாட்டாரு."

"மூடினா?"

"அப்பிடியே இருப்பாரு. ஒரு கிராம் கொறையாது. ஆனா பாக்க முடியாது. பேச்சும் கேக்காது. இரும்பு கனம்."

அவர் ஸ்பேனரை அவள் கையில் கொடுத்தார். இந்த மாதிரி உருளையின் வால்வு நட்டைக் குடும்பத்தார்தான் திருப்ப வேண்டும் என்பது ஆலை வழக்கம்.

"அண்ணி!" என்று கம்பத்திலிருந்து கத்தினார் கோவிந்தராசு. "காத்து மாறுது! நான் திரும்புறேன் பாருங்க! அந்தாண்ட போங்க!"

அவருடைய கால்கள் மெல்லச் சுழன்று தெற்கே நீண்டன. பிலோமின்ராஜ் குச்சியை வால்வின் கழுத்தில் செருகிவிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு எதிர்ப் பக்கம் ஓடினார். ரேணுகாம்பாள் நகரவில்லை. வெள்ளை நூல் வளைந்து முதல் முறையாக அவளை நோக்கி வந்தது.

அவர் அவள் கன்னத்தைத் தொட்டார். சட்டையில் இருந்த அதே வாசனை, இன்னும் பலமாக. அவள் மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தாள். மார்புக்குள் ஒரு கை நுழைந்து பிசைந்தது. கண்ணில் நீர் கோத்தது. அந்த நீர் சுட்டது.

"ரேணு, தள்ளி நில்லு."

"மாட்டேன்."

"நான் உன்ன எரிக்கிறேண்டி. தெரியல?"

"எரியட்டும். இன்னும் கொஞ்ச நேரம்." இருமல் அவளை இரண்டாக மடக்கியது.

"பதினாறு வருசம் இதே வால்வு கிட்டதான் நின்னேன். ஒருத்தர் மேல பட விட்டதில்ல. மொத ஆளு நீயா இருக்கணுமா?"

அவள் இருமிக்கொண்டே உருளையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலப்பக்கம் திருப்பு. கால் சுத்து போதும். ரொம்ப முடுக்காத, மரை போயிடும்."

"உள்ள இருட்டா இருக்குமா?"

"பழகிடுச்சு."

"நான் பேசுறது கொஞ்சமாச்சும் கேக்குமா?"

"இப்பக் கேக்குது. சொல்லு."

என்னென்னவோ சொல்வதற்கு இருந்தது. மாதக் கணக்கில் சேர்த்துவைத்தது. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"சட்டைல இப்ப வாசன இல்லங்க," என்றாள்.

புகை அசையாமல் நின்றது. பிறகு, "பாத்துப் போ," என்றது. "கேட்டாண்ட பள்ளம் இருக்கு."

அவள் ஸ்பேனரை நட்டில் மாட்டி வலப்பக்கம் கால் சுற்று திருப்பினாள். நூல் மெலிந்தது. நின்றது. பிலோமின்ராஜ் திரும்பி வந்து குச்சியை உருவி வால்வைச் சுற்றிலும் காட்டினார். பஞ்சு ஈரமாக இருந்தது. புகை எழவில்லை.

"லீக் இல்ல," என்றார்.

ரேணுகாம்பாள் தானே குச்சியை வாங்கி இன்னொரு முறை காட்டிப் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வு நடந்தது. ஷெட்டில் குறை எதுவும் காணப்படவில்லை.