இரண்டு தெரு தள்ளி நின்ற ரொட்டி வேன்

படிப்பு முடிக்கும் வருஷம் ஜோடியாகப் போகும் புரோம் நடனத்துக்கு ஆர்லோ பிக்கன்ஸ் என்னை அழைத்தது பள்ளி உணவுக்கூடத்தில், எச்சில் தட்டு வைக்கும் வரிசையில் நின்றபோது. மற்றப் பையன்கள் பலூன் கட்டினார்கள், கேக்கில் பெயர் எழுதி நீட்டினார்கள். இவன் கையில் மீந்த சோளத்தோடு ஒரு தட்டு இருந்தது, அவ்வளவுதான்.

"கொரின், என்கூட புரோமுக்கு வர்றியா? முதல்லயே சொல்லிடறேன், என்கிட்ட மொத்தமே எண்பது டாலர்தான். டிக்கெட்டுக்கே பாதிக்கு மேல போயிடும். ஆனா மீதியில உன்னை நல்லா வச்சுக்குவேன்."

"கல்யாணமா பண்ணிக்கப் போற? ஒரு சாயங்காலம்தானே."

"அப்ப ஒரு சாயங்காலத்துக்கு நல்லா வச்சுக்கறேன்."

சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

ஒஹாயோவில் எங்கள் ஊர்க் கண்ணாடித் தொழிற்சாலையை மூடி இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. அப்பா வேறு மாநிலத்தில் லாரி ஓட்டினார். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். ஆர்லோ மாலையில் மளிகைக் கடை அலமாரிகளில் சாமான் அடுக்குவான். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் பணக் கஷ்டம்தான். ஆனால் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆர்லோ மட்டும் சொன்னான். அவனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான், பக்கத்தில் யாரும் கேட்டுக்கொண்டிருக்காத வரையில்.

அம்மாவின் உறவுப் பெண்ணின் கல்யாணத்தில் மணப்பெண் தோழி ஒருத்தி போட்டிருந்த கவுன் எங்களிடம் இருந்தது. அதன் பஃப் கையை வெட்டி, இடுப்பைப் பிடித்து, அம்மா இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தைத்தாள்.

"பழசுன்னு தெரியுதாம்மா?"

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. உனக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு, அதைப் பாரு."

மே மாதச் சனிக்கிழமை. ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அவன் அம்மாவின் பழைய கார் வரும் என்று மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது அவன் மாமா கடைகளுக்கு ரொட்டி போடும் வேன். அதன் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு ரொட்டி, ஆவி பறக்க வரைந்திருந்தார்கள். கீழே 'காலையில் சுட்டது' என்று சிவப்பு எழுத்து.

ஆர்லோ தன் அக்கா கணவரின் கோட்டில் இறங்கினான். கை நீளம் கொஞ்சம் குறைவு. வீட்டு லைலாக் பூவை ரிப்பனில் சுற்றி, என் மணிக்கட்டில் கட்ட அவனே செய்து கொண்டுவந்திருந்தான்.

"அம்மா காரு கியர் விழ மாட்டேங்குது. மாமாகிட்ட கெஞ்சி இதை வாங்கினேன். உள்ள கழுவி, சீட்டுக்குப் புதுத் துணி போட்டிருக்கேன், உன் கவுன்ல ஒட்டாது."

அம்மாவுக்கு ஒரே குஷி. எங்களை வேனுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தாள். நான் அந்தச் சிவப்பு எழுத்தை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு, ரொட்டி தெரியல!"

ஆர்லோ என்னை ஏரிக்கரைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனான். படகுத் துறைக்குப் பக்கத்தில் ஒரு மரமேசை. வெள்ளை விரிப்பு போட்டு, கண்ணாடிக் கோப்பையில் திராட்சைச் சாறு ஊற்றினான். மூடிய பாத்திரத்திலிருந்து, மாவுக்குள் கோழிக்கறி வைத்துச் சுட்ட கோழி பை ஒன்றை, இன்னும் சூடாக எடுத்து வைத்தான். மேல்மாவு பொன்னிறமாக உப்பியிருந்தது.

"நீயா பண்ணின?"

"மூணாவது தடவை பண்ணினது. முதல் தடவை கரிஞ்சுடுச்சு, நாய்கூட மோந்து பார்த்துட்டுப் போயிடுச்சு."

"ரெண்டாவது?"

"அதை அந்த நாய் தின்னுடுச்சு. அப்புறம்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு."

வயிறு வலிக்கச் சிரித்தேன். நடைபாதையில் போன ஒரு தம்பதி தூரத்தில் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தண்ணீரில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அதற்கு அப்புறம் நான் செய்தது வேறு.

பள்ளியை நெருங்கியபோது சிக்னலில் எங்களுக்கு முன்னால் ஒரு நீளமான வெள்ளை லிமோசின் கார் நின்றது. அதன் மேல்கூரை வழியாகத் தலையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தவள் பிரென்னா கோல்பி, என் வகுப்புக்காரி. நான் சட்டென்று சீட்டில் சறுக்கிக் குனிந்தேன்.

"ஆர்லோ, இங்கயே நிறுத்திடு."

"ஸ்கூலு இன்னும் ரெண்டு தெரு தள்ளி இருக்கே."

"நடந்து போலாம். காத்து நல்லா இருக்கு."

அவன் என் குதிகால் செருப்பைப் பார்த்தான். காசு போட்டுத் துணி துவைக்கும் கடை வாசலில் வேனை நிறுத்தினான். இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

கூடைப்பந்து அரங்கத்தைக் காகித நட்சத்திரங்களால் நிரப்பியிருந்தார்கள். பழரச மேசையருகே பிரென்னா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய் கொரின், அழகா இருக்கடீ! எங்க சாப்பிட்டீங்க?"

"ஆத்தோரத்து ஸ்டேக் ஹவுஸ்ல." யோசிக்காமலே அந்தப் பெரிய உணவகத்தின் பெயர் வாயில் வந்துவிட்டது.

"நாங்களும் அங்கதானே! உங்களைப் பார்க்கவே இல்லையே?"

"சீக்கிரமே போயிட்டு வந்துட்டோம். இல்ல ஆர்லோ?"

ஆர்லோ கையிலிருந்த கோப்பைக்குள் பார்த்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"ஆமா. சீக்கிரமே போயிட்டோம்."

அப்புறம் ஆடினோம். அவனுக்கு ஆட வராது, ஆனால் கூச்சமில்லாமல் ஆடுவான். அன்றைக்கு என் காலைப் பார்த்தே ஆடினான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு பாட்டு முடிந்து நாங்கள் பிரென்னா கூட்டத்தோடு நின்றிருந்தபோது, கணக்கு டீச்சர் ஆஸ்ட்ராண்டர் நேராக எங்களிடம் வந்தார்.

"ஏரிக்கரையில வெள்ளை விரிப்பு போட்டு உக்காந்திருந்தது நீங்க ரெண்டு பேரும்தானே? நானும் என் வீட்டுக்காரரும் நின்னு பார்த்தோம். ஒரு தடவையாவது இப்படிக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களான்னு அவரை வறுத்தெடுத்துட்டேன்."

பிரென்னா என்னைப் பார்த்தாள். "ஸ்டேக் ஹவுஸ்னு சொன்ன?"

நான் ஆர்லோவைப் பார்த்தேன். ஆர்லோதான் பேசினான்.

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். கஞ்சப்பயன்னு பேரு வந்துடுமேன்னு. நானே கோழி பை பண்ணிக் கொண்டுபோனேன்."

எல்லாரும் சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். பிரென்னா அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"லூசாடா நீ? இதைப் போய் யாராவது மறைப்பாங்களா? நாங்க ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடந்து, செருப்புத்தோல் மாதிரி ஒரு கறியைத் தின்னுட்டு வந்தோம். இதோ என்கூட வந்து நிக்கறானே, இவன் எனக்குக் கார் கதவைக்கூடத் திறந்து விடல. கொரின், குடுத்து வச்சவடீ நீ!"

நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு மாவு எப்படிப் பிசைந்தாய் என்று அவனைக் குடைந்தார்கள். யாரோ, "எதுல வந்தீங்க?" என்று கேட்டார்கள். ஆர்லோ பதில் சொல்வதற்கு முன் ஒரு நொடி என் பக்கம் திரும்பினான்.

"மாமா வண்டியில," என்றான்.

அங்கே அவனைக் கேலி செய்ய ஒருத்தரும் இருக்கவில்லை. அவனை நினைத்துக் கூசியது அந்த அரங்கத்திலேயே நான் ஒருத்திதான். அது அப்போதுதான் உறைத்தது.

ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும், "நீ இங்கயே நில்லு, வண்டியை வாசலுக்குக் கொண்டுவர்றேன். வரலாம்ல?" என்று கேட்டான். குத்தலாக இல்லை, உண்மையாகவே கேட்டான்.

"நானும் கூட நடந்து வர்றேன்."

அவனைத் தனியாக அனுப்ப மனம் வராமல்தான் சொன்னேன். வேன் பள்ளி வாசலுக்கு வரக் கூடாது என்று நான் நினைப்பதாக அவன் எடுத்துக்கொண்டான். முகம் தொங்கிவிட்டது. நான் திருத்தவில்லை. அவன் நினைத்ததிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைக்குப் போனேன். தக்காளி டின்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நேத்து ஏன் பழியை உன் மேல போட்டுக்கிட்ட?"

"உன் முகம் அப்படி இருந்துச்சு."

"எனக்கு வெக்கமா இருந்துச்சு, ஆர்லோ. உன்னால இல்ல, அந்த வண்டி..."

"நிஜத்தைச் சொல்லு, கொரின்."

நான் தரையைப் பார்த்தேன். "உன்னாலயும்தான். மன்னிச்சுக்கோ."

ஒவ்வொரு டின்னாக, பெயர் முன்னால் தெரியும்படி திருப்பி வைத்தான். வரிசை முடிந்த பிறகுதான் என் பக்கம் நிமிர்ந்தான்.

"சாப்பாடு நல்லா இருந்துச்சா?"

"இதுவரைக்கும் நான் சாப்பிட்டதுலயே..."

"நல்லா இருந்துச்சான்னுதான் கேட்டேன்."

"நல்லா இருந்துச்சு."

தலையசைத்துவிட்டு, காலிப் பெட்டியை மடக்கிக்கொண்டு பின்கதவு வழியாகப் போய்விட்டான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் வகுப்பில் பேசினான், பென்சில் கேட்டால் கொடுத்தான். எங்கேயும் கூப்பிடவில்லை. ஜூனில் படிப்பு முடிந்ததும் டொலிடோவில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை கிடைத்துப் போனான். கிளம்பும் முன் எல்லோருக்கும் கை கொடுத்தது போலவே எனக்கும் கொடுத்தான்.

"அந்தப் பையன் அப்புறம் ஏன் வரவே இல்ல? தங்கமான பையனாச்சே," என்று அம்மா இப்போதும் கேட்பாள். அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.