நானூற்றுப் பன்னிரண்டு பேர் கோடிட்ட வரி

அக்காவுக்கு எக்ஸ்ரே எடுக்கும் வேலை. இரண்டு வருஷம் ஒரு நாவலைத் தூக்கிக்கொண்டு பதிப்பகம் பதிப்பகமாக அலைந்து சலித்துப்போய், கடைசியில் புனைபெயரில் தானே மின்நூலாக வெளியிட்டாள். 'இது யார் கதைம்மா?' என்று கேட்க நடுவில் ஒருவரும் இல்லை. காலையில் பொத்தானை அழுத்தினாள். மதியச் சாப்பாட்டுக்குள் புத்தகம் விற்பனைக்கு வந்துவிட்டது.

மூன்றே மாதத்தில் அது சக்கைப்போடு போட்டது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் கடிதம் எழுதினார்கள். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை தங்கை எக்ஸ்ரே அறைக்கே வந்து, கைபேசியில் அந்த நாவலைத் திறந்து நீட்டினாள்.

"இந்த வரியப் படி."

'அழுதா பால் சுரக்குது, அழலன்னா நெஞ்சு அடைக்குது.' அடியில் புள்ளிக்கோடு. பக்கத்தில், இதுவரை 412 வாசகர்கள் கோடிட்டது என்றிருந்தது.

தங்கையின் குழந்தை பிறந்த ஆறாம் நாள் இறந்துபோனது. அந்த வாரம் குளியலறைத் தரையில் ஈரச் சட்டையோடு உட்கார்ந்து அவள் சொன்ன வார்த்தைகள் அவை. கேட்டது அக்கா ஒருத்திதான்.

"உன் பேரு எங்கயும் வரலையேடி."

"பேரா? என் வீட்டுக்காரர் தாங்கமாட்டார்னு அவர்கிட்டகூட நான் இதைச் சொன்னதில்ல. இந்தப் புத்தகத்த எனக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான். 'யாரோ உன்ன மாதிரியே ஒருத்தி, படி, ஆறுதலா இருக்கும்'னார். இந்த வரியப் பாத்ததும்தான் எழுதினது நீன்னு தெரிஞ்சுது. அந்த நானூத்துப் பன்னெண்டுல அவரும் ஒருத்தர்க்கா."

அடுத்த நோயாளி கதவைத் தட்டினார்.

அன்று சாயங்காலமே வரியை நீக்கிப் புதிய பதிப்பை ஏற்றினாள். இரண்டு நாளில், வாங்கியவர்களின் கைபேசிகளிலிருந்தும் அந்த வரி மறைந்துபோனது. உடனே ஒரு வாசகி எழுதினாள்: 'என் மகன் போனதிலிருந்து தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். இன்று அந்த வரி இல்லை. நான் வாங்கிய புத்தகத்துக்குள் கைவிட்டு எடுக்க நீங்கள் யார்?' அக்கா நான்கு முறை பதில் எழுதி நான்கையும் அழித்தாள்.

வாரக் கடைசியில் தங்கை போன் செய்தாள்.

"வரியக் காணோமேன்னு என்கிட்டயே கேட்டார். அது நான் சொன்னதுதான்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"பக்கத்துல வந்து உக்காந்தார். ரெண்டு பேரும் சேர்ந்து அழுதோம். நாலு வருஷத்துல இதான் முதல் தடவ."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பியது. "அப்போ..."

"அதுக்காக நீ செஞ்சது சரின்னு ஆயிடாது."

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை இப்போதும் வருகிறாள். காய் நறுக்கித் தருகிறாள். தன் மேலதிகாரியைப் போல நடித்துக்காட்டி வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறாள். பேச்சு குழந்தைப் பக்கம் திரும்பினால் மட்டும், பாதியில் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அத விடு" என்று எழுந்துபோய்க் கை கழுவுகிறாள்.